ஆறு கதிரையும் ஒரு குழாய்க்கிணறும்

கதிரைகள் தலைகீழாகத்தான் வந்தன.

என் கணவர் வீரையா ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தன. பின்னால் நான் இன்னொன்றுடன். இப்படி மூன்று நடை. மொத்தம் ஆறு கதிரைகள். எல்லாம் தேக்கு. என் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது.

றோட்டுக்கு அந்தப் பக்கம் வேலிப் படலையைத் திறந்துவைத்துக்கொண்டு தவமணியக்கா நின்றார். கதிரைகள் அவருடையவை. வழக்கமாக ஒன்றை இரவல் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கும். திருப்பிக் கொடுக்கும்போது காலை ஆட்டிப் பார்ப்பார். என் காலை அல்ல, கதிரையின் காலை.

அன்று காலை சிரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஏதும் வேணுமே, பாக்கியம்? மேசைவிரிப்புக் கொண்டுபோவன். கண்ணாடிக் கப் கிடக்கு. சுவர் மணிக்கூடு?"

"போதும் அக்கா."

"என்ன போதும்? அந்த நிக்கிற ஃபானையும் தூக்குங்கோ. உங்களைப் பாக்க வாற பிள்ளைக்கு வேர்க்குமெல்லே."

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை. அது அவருக்கும் தெரியும். வீரையா அவர் சொன்ன எல்லாவற்றையும், ஃபானையும்கூட, தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்குத் தவமணியக்காவைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் கேட்காமல் கொடுத்தால் யோசிக்க வேண்டும். சிரித்துக்கொண்டு கொடுத்தால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

ஒரு றோட்டு, இரண்டு பக்கம்

எங்கள் ஊர் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், காட்டோரம். நடுவே கிரவல் றோட்டு. கிழக்கே வாய்க்கால் பக்கம். மேற்கே காட்டுப் பக்கம்.

வாய்க்கால் பக்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். குளத்தைக் காட்டி அரசாங்கம் கூப்பிட்டது. பஸ்ஸில் வந்தார்கள். வயலும் மேட்டுக்காணியும் பேர்மிற் பத்திரத்தோடு கிடைத்தன.

காட்டுப் பக்கத்தார் நாங்கள். மலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. கலவரத்தில் எங்கள் லய வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். லொறியில் வந்தோம். அப்போது எனக்குப் பால்பல் விழுகிற வயது. லொறியில் ஒரு பல் விழுந்தது. எந்த ஊரில் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவர்கள் வந்தபோது காணி இருந்தது. நாங்கள் வந்தபோது காடு இருந்தது. வெட்டினோம். வெட்டிய இடத்தில் இருக்கிறோம். பேர்மிற் வரும் என்று சொன்னார்கள். சொன்னவர் பென்சன் எடுத்துப் போய்விட்டார்.

ஆக, அவர்களும் வந்தவர்கள், நாங்களும் வந்தவர்கள். அவர்கள் ஒரு தலைமுறை முந்தி. அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் முதல் தரிப்பில் ஏறியவர் அடுத்த தரிப்பில் ஏறுகிறவரைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறதல்லவா, அது அவர்களிடம் உண்டு.

தவமணியக்கா இங்கேதான் பிறந்தார். இருந்தும் யாழ்ப்பாணம் போகும்போது "ஊருக்குப் போறம்" என்பார். நாங்கள் மலைக்குப் போனால் "மேல போறோம்" என்போம். இந்த ஊரை ஊர் என்று சொல்ல இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. யானை மட்டும் இதைத் தன் ஊர் என்று நினைக்கிறது. அந்தப் பக்கம் தென்னையையும் இந்தப் பக்கம் வாழையையும் வித்தியாசம் பாராமல் தின்னும்.

அவர்கள் பிள்ளைகள் சோதனை பாஸ் பண்ணி வெளிநாடு போவார்கள். எங்கள் பிள்ளைகள் பாதியில் நின்று அவர்கள் வயலுக்குப் போவார்கள். அவர்கள் வீட்டில் சுவர் நிறையப் பட்டமளிப்புப் படம். எங்கள் வீட்டில் சாமிப் படம். அவர்கள் பிள்ளையார் கோயிலில் நாங்கள் வாசலில் நிற்போம். எங்கள் மாரியம்மன் திருவிழாவில் அவர்கள் முதல் பந்தியில் இருப்பார்கள்.

கோபம் வந்தால் எங்களைத் தோட்டக்காட்டார் என்பார்கள். நாங்கள் அவர்களைப் பனங்கொட்டை என்போம். இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு முன்னால் அக்கா, தங்கச்சி.

எனக்கு இரண்டு பேச்சும் வரும். றோட்டைக் கடந்தால் "ஓம்". திரும்பி வந்தால் "ஆமா".

வேலியில் தொங்கிய பேணி

வாய்க்கால் பக்கத்து வயலில் களை பிடுங்கப் போன முதல் நாள் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள். தனிப் பேணி, தகரத்தில். அது வேலிக் கதியாலில் தொங்கும். குடித்து, கழுவி, மறுபடி அங்கேயே கொழுவிவிட வேண்டும்.

தேயிலை பறித்தவள் என் அம்மா. அவள் பறித்ததை எனக்கு வேலியில் தொங்கிய பேணியில் தந்தார்கள். குடித்தேன். தாகமாக இருந்தது.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடினோம். ஒரே தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அங்கே தவமணியக்கா என் சட்டி மூடியில் கஞ்சி வாங்கிக் குடித்தார். அந்த நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதவில்லை.

திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, பேணியும் இல்லை. புதிதாக யாரும் பேணி கொழுவவில்லை. அது ஒரு முன்னேற்றம்தான்.

ரெண்டு கான் அள்ளட்டா?

கிணறு மட்டும் மாறவில்லை. அவர்கள் வளவுகளில் கட்டுக்கிணறு உண்டு. எங்கள் பக்கம் தோண்டினால் கல். தவமணியக்கா வீடு எங்களுக்கு நேரெதிர். அவர் கிணற்றில்தான் அள்ளுவோம்.

அவர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் கேட்க வேண்டும்.

"அக்கா, ரெண்டு கான் அள்ளட்டா?"

காலையிலும் கேட்க வேண்டும். பின்னேரமும் கேட்க வேண்டும். நேற்றுக் கேட்டது இன்றைக்குச் செல்லாது. படலைக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். அவர் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தால் முடியும்வரை நிற்க வேண்டும். தவமணியக்கா நீளமாகக் கும்பிடுகிறவர்.

ஆனி, ஆடியில் கிணறு இறங்கிவிடும். அப்போது "ஒரு கானோடை நிப்பாட்டு, பாக்கியம்" என்பார். அதுவும் நியாயம்தான். மிச்சத்துக்குக் குளக்கட்டு வரை நடை.

அந்த வருடம் என் மருமகள் செல்விக்கு ஏழு மாதம். மகன் வவுனியாவில் மேசன் வேலை. செல்விதான் சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் கான் கட்டித் தள்ளிக்கொண்டு வருவாள். ஒருநாள் கிரவலில் சறுக்கி விழுந்தாள். நான் ஓடிப்போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அவள் அழுதது தண்ணீர் கொட்டியதற்கு.

இந்த நேரத்தில்தான் எங்கள் கிராம சேவகர், ஜீ.எஸ். ஐயா, ஒரு செய்தி சொன்னார். ஊருக்கு ஒரு குழாய்க்கிணறு வரப்போகிறது. மோட்டார், தண்ணீர்த் தாங்கி, பைப் எல்லாம் உண்டு. ஆனால் ஒன்றுதான். கிணறு தருகிற நிறுவனத்திலிருந்து ஒரு மிஸ் வந்து இரண்டு பக்கமும் பார்ப்பா. யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுதுவா. எந்தப் பக்கத்துக்குக் கஷ்டம் கூடவோ, அந்தப் பக்கத்துக்குக் கிணறு. பக்கத்துக்கு ஒரு வீட்டை ஐயாவே குறித்தார். அங்கே தவமணியக்கா வீடு, இங்கே எங்கள் வீடு.

மாடு துடைக்க ஒரு சீலை

மிஸ் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் தவமணியக்கா றோட்டைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவே அதிசயம்.

"பாக்கியம், உன்ரை பழஞ்சீலை ஒண்டு தாவன்."

"எதுக்கு அக்கா?"

"மாடு துடைக்க."

கொடுத்தேன். ஓரம் கிழிந்தது, ஊதா நிறம்.

மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன கதிரை ஊர்வலம். வீரையா கேட்டுத்தான் கதிரை வந்தது. யாராவது பெரிய ஆள் வந்தால் அவர்களிடம் இரவல் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களிடம் இருந்தது இரண்டு பாய், கால் ஆடுகிற ஒரு மர வாங்கு.

கடைசி நடை முடிந்து திரும்பிப் பார்த்தேன். தவமணியக்கா உள்ளே போய் வெளியே வந்தார். என் ஊதாச் சீலையைக் கட்டியிருந்தார். மாடு துடைக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது.

அவர் கணவர் நடராசா அண்ணை ரீவியைச் சாக்குப் படங்குக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். பிறிட்ஜ் கனமானது, தூக்க ஏலாது. அதைச் சுற்றி நெல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். கதிரைகளை ஒளிக்க இடமில்லை. அதற்குத்தான் எங்கள் வீடு.

அவர்கள் வீடு ஏழையாகிவிட்டது. எங்கள் வீடு பணக்காரன் ஆகிவிட்டது. ஒரு காலைப்பொழுதில், ஒரு றோட்டைக் கடந்து.

வீரையாவிடம் சொன்னேன். அவர் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க கெட்டிக்காரத்தனம் பண்ணட்டும். நமக்கு என்னா?"

"கிணறு போயிரும்."

"போனா போகட்டும். படிச்ச பொம்பளப் புள்ள நம்ம வீடு தேடி வருது. தரையில உக்கார வைக்கிறதா? கஷ்டம்னா மரியாதையும் இல்லாமப் போயிருமா?"

செல்வி வாசலில் நின்றாள். ஒரு கை இடுப்பில்.

"மாமா, கதிரையில தண்ணி வருமா?"

வீரையா துடைத்த துணியை வைத்தார். சேவலைப் பிடிக்கப் போய்விட்டார். மிஸ்ஸுக்குக் குழம்பு வைக்க.

நான் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்ப அந்தப் பக்கம் போனேன். படலை கட்டியிருந்தது. நடராசா அண்ணை உள்ளே நின்றார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கிற பழக்கம் எங்களிட்டை இல்லை, பாக்கியம். மிஸ் போகட்டும்."

கதிரை மறுபடி என் தலையில் ஏறியது. அந்த நேரம் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது.

நெல்லுக்குள் வண்டு

மிஸ் முதலில் அந்தப் பக்கம் போனா. சின்ன வயது. கையில் சிலேட்டு மாதிரி ஒரு ரப். அதில் பார்த்துப் பார்த்துக் கேட்டா.

நாங்கள் வேலியோரம் நின்றோம். ஒளிந்து கேட்டோம் என்று சொல்ல முடியாது. தவமணியக்காவுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது.

"அம்மா, வீட்டிலை எத்தினை கதிரை?"

"கதிரையோ? நாங்கள் நிலத்திலைதான் பிள்ளை."

மிஸ் நெல் மூட்டையில் சாய்ந்து நின்றா. பிறகு திடுக்கிட்டுத் திரும்பினா.

"உள்ளுக்கை ஏதோ இரையுது அம்மா."

"அது வண்டு பிள்ளை. நெல்லிலை வண்டு."

"இவ்வளவு சத்தமாவோ?"

"இந்த முறை வண்டு கூட," என்றார் நடராசா அண்ணை.

மிஸ் எழுதினா.

"பிள்ளையள்?"

"ஒரு மகன்."

"என்ன செய்யிறார்?"

தவமணியக்கா வாயைத் திறந்தார். நடராசா அண்ணை முந்திக்கொண்டார்.

"சும்மா நிக்கிறான் பிள்ளை. ஒரு வேலை வெட்டி இல்லை."

இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது, தவமணியக்காவுக்கு அது எங்கே பட்டதென்று. என் ஊதாச் சீலையின் முந்தானையை முறுக்கினார். முறுக்கி முறுக்கி இன்னும் கொஞ்சம் கிழித்தார். வந்த சொல்லை விழுங்கிவிட்டார்.

அவர் மகன் கனடாவில். அவன் அங்கே என்ன வேலை செய்கிறான் என்பதை அவர் எங்களுக்கு நாளுக்கு ஒரு தரம் சொல்வார். நாங்கள் தண்ணீர் அள்ளும்போது சொல்வார். கான் நிறையும்வரை கேட்க வேண்டும்.

கோழி

பிறகு மிஸ் எங்கள் பக்கம் வந்தா. பின்னாலேயே தவமணியக்காவும் நடராசா அண்ணையும் வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி.

"உக்காருங்க மிஸ்," என்றார் வீரையா.

மிஸ் தேக்கங் கதிரையில் இருந்தா. சுற்றிப் பார்த்தா. மணிக்கூடு. கண்ணாடிக் கப். வாங்கின் மேல் மேசைவிரிப்பு. ஃபான்.

"இவ்வளவும் உங்கடயோ ஐயா?"

"சோடா குடிங்க மிஸ்."

வீரையா பொய் சொல்லாதவர். அதேநேரம் விருந்தாளி முன்னால் இரவல் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. அதனால் எதைக் கேட்டாலும் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்.

"கதிரை ஆறு," என்று மிஸ் எழுதினா. "மின்விசிறி ஒண்டு."

ஃபான் இருக்கிறதா என்றுதான் அந்த ரப்பில் கேட்டிருந்தது போல. சுற்றுமா என்று கேட்கவில்லை.

செல்வி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் காலில் கிரவல் கீறிய காயம் இன்னும் ஆறவில்லை.

மிஸ் மேசைவிரிப்பைத் தடவிப் பார்த்தா. வெள்ளை நூலில் பின்னியது. நடுவில் தோகை விரித்த மயில்.

"நல்ல வடிவாயிருக்கு. ஆர் பின்னினது?"

வீரையா, "சேவல் குழம்பு இருக்கு," என்று தொடங்கினார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"நான்தான் மிஸ் பின்னினேன்."

வாசலில் ஒரு மூச்சு உள்ளே போன சத்தம் கேட்டது.

"உண்மையாவோ அம்மா? எவ்வளவு காலம் எடுத்தது?"

"காலமா? சும்மா இருந்த நேரத்துல. ஒரு கெழமை."

நடராசா அண்ணை இருமினார். தவமணியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மேசைவிரிப்பு எனக்குத் தெரியும். மகன் வெளிநாடு போய்ச் சேர்வானா மாட்டானா என்று இருந்த காலத்தில் தவமணியக்கா இருந்து பின்னியது. ஒரு மாரி முழுக்கவும் அதற்குப் பிறகும் பின்னினார். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் செல்வி அங்கேயே நின்றாள்.

"நடுவில இருக்கிறது என்ன, மயிலோ?" என்று மிஸ் கேட்டா.

"இல்ல மிஸ்," என்றேன். "கோழி."

"கோழியோ!"

இது மிஸ் சொன்னதல்ல. தவமணியக்கா. நடராசா அண்ணையின் கை காற்றில் நின்றது.

"கோழியோடி அது? கண் தெரியேல்லையோ உனக்கு? மயிலடி! மயில்! ஒவ்வொரு பீலிக்கும் ஒரு நாள் இருந்தனான். ஒரு கிழமையாம்! பிள்ளை, அது நான் பின்னினது. ஆறு மாசம். இந்தக் கதிரை என்ரை. மணிக்கூடு என்ரை. கப் என்ரை. ஃபான் என்ரை. இவைக்குக் கரண்டே இல்லை!"

"தவமணி, வாயை மூடு," என்றார் நடராசா அண்ணை.

"நீங்கள் மூடுங்கோ! என்ரை பிள்ளை சும்மா நிக்கிறானோ? கனடாவிலை அவன்ரை கையுக்குக் கீழை பதினெட்டுப் பேர் வேலை செய்யினம். மிஸ், அதையும் எழுதுங்கோ. அங்கை மூட்டைக்குள்ளை இரையுறது வண்டில்லை. பிறிட்ஜ்! ரெண்டு கதவுப் பிறிட்ஜ்!"

சட்டியில் சேவல் கொதித்தது.

பிறகு தவமணியக்கா தன் பொருட்களை எடுக்கத் தொடங்கினார். மேசைவிரிப்பை முதலில். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நடராசா அண்ணை இரண்டு கதிரை. பிறகு வந்து இரண்டு. மிஸ் இருந்த கதிரையை என்ன செய்வதென்று நின்றார். மிஸ் தானாக எழும்பினா.

வீடு பழையபடி ஆனது. செல்வி பாயை விரித்தாள். மிஸ் கீழே சம்மணம் கட்டி இருந்து, ரப்பில் எழுதியதை எல்லாம் அழித்தா.

"சரி அம்மா. இப்ப முதலிலையிருந்து சொல்லுங்கோ. தண்ணிக்கு எங்கை போறனீங்கள்?"

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி சொன்னாள். எல்லாம் சொன்னாள்.

வீரையா வெளியே போய் விறகு கொத்தினார். கொத்தத் தேவையில்லாத விறகு.

தண்ணீர் திறந்த நாள்

வீரையா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "விருந்தாளி முன்னால பொய் சொல்லிட்ட," என்றார்.

"ஆமா," என்றேன்.

தவமணியக்கா அந்தப் போகம் முழுக்க என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. மிளகாய் பழுத்தது, வேறு ஆள் வந்து ஆய்ந்தது. நான் நெடுங்கேணிப் பக்கம் போய்க் கூலி செய்தேன். ஆனால் தண்ணீர் தந்தார். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கான் சத்தமில்லாமல் நிறைந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எதிர்பார்க்கவில்லை.

ஊதாச் சீலை திரும்பி வந்தது. துவைத்து, கிழிந்த ஓரம் தைத்து, மடித்து. தையல் நல்ல தையல்.

ஆவணியில் துளைக்கிற லொறி வந்தது. எங்கள் பக்கம். மூன்று நாள் கல்லை இடித்தது. நாலாம் நாள் வெள்ளைச் சேறு பீறியது. பிறகு தண்ணீர்.

தாங்கி கட்டி முடிந்ததும் ஒரு சின்ன விழா வைத்தார்கள். மிஸ்ஸும் ஜீ.எஸ். ஐயாவும் வந்தார்கள். முதல் பைப்பை யார் திறப்பது என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தார் வீரையாவைப் பார்த்தார்கள். வீரையா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு றோட்டைக் கடந்தார். தவமணியக்கா வீட்டுப் படலையில் நின்று, "வாங்க அம்மா, நீங்கதான் தொறக்கணும்," என்றார்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. பச்சைப் பட்டுச் சீலையில் வந்தார். கழுத்தில் இரட்டை வடம். ஏழை வேசத்துக்கெல்லாம் சேர்த்துக் கட்டியது போல.

பைப்பைத் திறந்தார். தண்ணீர் அடித்துப் பட்டு நனைந்தது. அவர் பின்னுக்கு நகர்ந்ததும் செல்வி கானை வைத்தாள். இடுப்பில் ஒரு மாதக் குழந்தை. அள்ளட்டா என்று கேட்க அவளுக்கு வாய் பாதி திறந்துவிட்டது. பிறகு மூடிக்கொண்டாள்.

ஜீ.எஸ். ஐயா, "அம்மா ஏதும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ," என்றார். இரண்டு வார்த்தையோடு நிற்கிறவர் அல்ல தவமணியக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் அப்பா பஸ் ஏறியதில் தொடங்கினார். மகனைச் சொன்னார். பதினெட்டுப் பேர் இருபத்தைந்து ஆகிவிட்டார்கள். கடைசியில் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"ஒண்டு மட்டும் சொல்லுறன். அண்டைக்கு நான் ஒருத்தி உள்ளதை உள்ளபடி சொன்னபடியால்தான் இந்தக் கிணறு இஞ்சை வந்தது."

நடராசா அண்ணை நிலத்தைப் பார்த்தார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டா.

முதலில் கை தட்டியது நான்தான்.